வீட்டு ஒலிக்கலவையும் மாஸ்டரிங்கும்

வீட்டு ஒலிக்கலவை என்பது, தனித்தனித் தடங்களாகப் பதிவு செய்யப்பட்ட குரலையும் இசைக்கருவிகளையும், ஒலிப்பதிவுக் கூடத்தின் துணையின்றி வீட்டிலேயே இணைத்து ஒரு பாடலாக்குவதைக் குறிக்கும். இவ்வாறு ஆக்கிய பாடல்களை ஒரு தொகுப்பாக ஒழுங்குபடுத்தி, வெளியிடுவதற்கு உரிய வடிவில் அமைக்கும் இறுதிக் கட்டம் மாஸ்டரிங் எனப்படும். கலவையின்போது குரலை மட்டும் தனியே குறைக்க இயலும். மாஸ்டரிங்கின்போது அனைத்தும் ஒன்றாகிவிட்டமையால், ஒன்றைத் தொட்டால் மற்றவையும் மாறும். எனவே கலவையில் விட்ட பிழையைப் பின்னர் திருத்திக் கொள்ளலாம் என எண்ணுவது தவறாகும்.

வரலாறு

1979 இல் டியாக் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோ 144 என்னும் கருவி, சாதாரண ஒலிநாடாவில் நான்கு தடங்களைப் பதிவு செய்ய வழி செய்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 இல் நியூ செர்சியில் தமது வீட்டில் இக்கருவியைக் கொண்டு மாதிரிக்காகப் பாடல்களைப் பதிந்தார். பின்னர் குழுவினருடன் கூடத்தில் பதிந்த வடிவங்கள் நிறைவளிக்காமையால், அவ்வொலிநாடாவே "நெப்ராஸ்கா" என்னும் தொகுப்பாக அவ்வாண்டிலேயே வெளிவந்தது. எனினும் அதை இசைத்தட்டாக்கும் மாஸ்டரிங் பணி பெரும் இடர் தந்தது. இன்று ஆடாசிட்டி, ஆர்டோர் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் கிடைப்பதால் கருவிச் செலவு பெரிதும் குறைந்துவிட்டது. குறையாத இடர் அறையே.

அறையும் செவியும்

ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். 3.4 மீட்டர் நீளமுள்ள அறையில் 50 எர்ட்சு ஒலி சுவர்களுக்கிடையே நிலையலையாகி, சுவரோரம் மிகுந்தும் நடுவில் நலிந்தும் கேட்கும். அறையின் நடுவே அமர்ந்திருப்பவர் அடிநாதம் போதவில்லை எனக் கருதி அதைக் கூட்டுவார். அதே பாடல் வேறோர் இடத்தில் ஒலிக்கும்போது அடிநாதம் குரலையே மூடிவிடும். சுவரில் முட்டைத் தட்டுகளை ஒட்டுவது பரவலான வழக்கமாயினும், இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணை அவை சற்றும் உறிஞ்சா. இருக்கையை நகர்த்திப் பார்ப்பதும், மூலைகளில் தடித்த கம்பளிப் பொதிகளை வைப்பதும் ஓரளவு பயன் தரும். இவற்றைவிட எளியது, நன்கு பழகிய வெளியீடொன்றை அதே ஒலிபெருக்கியில் இட்டு அடிக்கடி ஒப்பிடுவதாகும்.

மனிதச் செவி எல்லா அதிர்வெண்களையும் சமமாக உணர்வதில்லை என்பதை பிளெட்சர், மன்சன் ஆகியோர் 1933 இல் அளந்து காட்டினர். ஒலி குறைந்தால் அடிநாதமே முதலில் மங்கும். ஆகவே ஒலியளவை அடிக்கடி மாற்றாமல், ஒரே அளவில் வைத்துக் கலப்பது நன்று. காதணிக் கேட்பொறி அறையின் குறையை விலக்கினாலும், இடம்வலத்தை மிகைப்படுத்திக் காட்டும். இரு தடங்களையும் ஒன்றாக்கி ஒருமுறை கேட்பதும் தேவை. ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் பதிவான ஒலிகள் அப்போது மறைந்துபோவது தெரியவரும்.

உரப்பு

மாஸ்டரிங்கில் லிமிட்டர் என்னும் கருவி ஒலியின் உச்சங்களை அடக்கி, மொத்த உரப்பைக் கூட்ட இடந்தருகிறது. அளவு மீறினால் முரசின் அடி மழுங்கி, இரைச்சலே எஞ்சும். 2008 இல் வெளிவந்த மெட்டாலிக்கா குழுவின் "டெத் மேக்னடிக்" தொகுப்பு இக்காரணத்திற்காக இரசிகர்களின் கண்டனத்திற்கு உள்ளானது. உணரப்படும் உரப்பை எல்யுஎஃப்எஸ் என்னும் அலகால் அளப்பர். ஸ்பாட்டிஃபை சேவை இயல்பாக −14 எல்யுஎஃப்எஸ் அளவில் ஒலிபரப்புவதால், −8 அளவில் தரப்பட்ட பாடல் 6 டெசிபெல் குறைக்கப்படும். உரப்பு போய்விடும், சிதைவு மட்டும் நிலைக்கும். இழந்த உச்சங்களை மீட்க வழியில்லை என்பதால், லிமிட்டர் இடாத கலவையை 24 பிட் கோப்பாகத் தனியே சேமித்து வைத்தல் வேண்டும்.

தொகுப்பில் எல்லாப் பாடல்களையும் ஒரே உரப்புக்குக் கொணர வேண்டியதில்லை. தாலாட்டு போன்ற மெல்லிய பாடல் அதன் முன்னுள்ள துள்ளிசையைவிடத் தாழ்ந்தே ஒலிக்கலாம். தொகுப்பை முழுமையாகக் கேட்கையில் ஸ்பாட்டிஃபையும் இவ்வேறுபாட்டைக் காக்கிறது. பாடல்களுக்கு இடையிலான அமைதியின் நீளத்தைக் கருவிகள் அறியா. அதை வரிசையாகக் கேட்டே முடிவு செய்வர்.