முந்தானையால் துடைக்கலாமா?

ஹெல்மெட்டின் முன்புறம் இருக்கிறதே, அதைக் 'கண்ணாடி' என்றுதானே சொல்லுகிறோம்? கோளாறு அங்கேதான் ஆரம்பம். அது கண்ணாடியே அல்ல!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் போகும் சாலையை மாலையில் பார்த்திருக்கிறீர்களா? இருமருங்கிலும் தொழிற்சாலைகள். ஷிப்டு முடிந்ததும் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் அணிவகுக்கின்றன. அவற்றினிடையே ஸ்கூட்டரில் வீடு திரும்பும் பெண்கள். எதிரே வரும் விளக்கொளி, கீறல் விழுந்த ஹெல்மெட் முகப்பில் பட்டதும் நூறாகச் சிதறிக் கண்ணைக் கூசவைக்கிறது. அந்த ஒரு கணத்தில் பள்ளமும் தெரியாது. குறுக்கே வரும் ஆளும் தெரியாது.

கார் ஜன்னலில் இருப்பது அசல் கண்ணாடி. ஸ்ரீபெரும்புதூரிலேயே செயிண்ட் கோபைன் ஆலையில், உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுத் தகடாக்குகிறார்கள். ஹெல்மெட் முகப்பும் இக்காலக் கார்களின் முன்விளக்கு மூடியும் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். 1953-ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கியது. அடித்தால் சட்டென்று உடையாது. ஆனால் மணல் உரசினால் கீறிவிடும். பலசாலிக்கு மேனி மட்டும் மென்மை! அதனால்தான் மேலே ஒரு காப்புப் பூச்சுக் கொடுக்கிறார்கள்.

நாம் செய்வதென்ன? புழுதி படிந்ததும் முந்தானையாலோ துப்பட்டாவாலோ ஒரு தேய்ப்பு! துணி மெத்தென்றுதான் இருக்கிறது. அதனடியில் உருளும் மணல் அப்படியா?

முதலில் தண்ணீர் விட்டுப் புழுதியைக் கழுவுங்கள். பூச்சி ஒட்டியிருந்தால் ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போர்த்தி வையுங்கள். பிறகு இரண்டு சொட்டுச் சோப்புநீர் விட்டு, விரல் நுனியால் வருடி அலசி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் மூன்றும் கிட்டே வரக்கூடாது.

"பற்பசை தேய்த்தால் கீறல் போகுமாமே?" என்கிறீர்களா? பூச்சில்லாத பிளாஸ்டிக்கில் மயிரிழைக் கீறல் மங்கும். ஹெல்மெட் முகப்பிலோ கீறலோடு பூச்சும் போய்விடும். பிளாஸ்டிக் பாலிஷுக்கும் இதே கதிதான்.

மஞ்சளித்த முன்விளக்கு மூடிக்கு மட்டும் வைத்தியம் உண்டு. மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மேலும் மெல்லியதால் தேய்த்து, பிறகு பாலிஷ் போட வேண்டும். கடைசியில் வெயில் தாங்கும் பூச்சு அவசியம்; இல்லாவிட்டால் மறுபடி மஞ்சள்தான். மெக்கானிக்கிடம் கொடுத்தால், "மேல்பூச்சு உண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

ஆட்டோவின் மழைத்திரையில் தைத்த பிளாஸ்டிக் ஜன்னலையும் கழுவி, உலர்த்திய பிறகே சுருட்ட வேண்டும்.

இன்றிரவு உங்கள் வீட்டு ஹெல்மெட்டைத் தெருவிளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி கோடு கோடாகச் சிதறுகிறதா? தேய்த்துப் பயனில்லை. முகப்பை மட்டும் தனியாக மாற்றலாம். முழு ஹெல்மெட் வாங்கும் செலவு ஆகாது. நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள்.