ஒளியளவு (ஒளிப்படவியல்)

ஒளிப்படவியலில் ஒளியளவு என்பது, படம் எடுக்கும்போது படச்சுருளின் அல்லது எண்முறை உணரியின் மீது விழும் மொத்த ஒளியைக் குறிக்கும். ஒளி மிகுந்தால் படம் வெளிறும், குறைந்தால் இருண்டுவிடும். துளையளவும் மூடுவேகமும் இவ்வொளியைக் கட்டுப்படுத்துகின்றன. விழுந்த ஒளி எவ்வளவு வெளிச்சமாகப் பதிவாகும் என்பதை ஒளியுணர்திறன் தீர்மானிக்கிறது.

மூன்று அமைப்புகள்

துளையளவு: வில்லையினுள் ஒளி புகும் துளையின் அளவு. இது எஃப்/2.8, 4, 5.6, 8, 11, 16 எனக் குறிக்கப்படும். எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்; ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். துளை பெரிதானால் பின்னணி மங்கும். சிறிதானால் அண்மையும் தொலைவும் தெளிவாகத் தெரியும்.

மூடுவேகம்: ஒளி உள்ளே விடப்படும் நேரம். 1/125 நொடியை 1/250 நொடியாக மாற்றினால் ஒளி பாதியாகும். ஓடும் சிறுவனைத் தெளிவாகப் படம்பிடிக்க 1/500 நொடி பெரும்பாலும் போதும். 1/15 நொடியில் கைநடுக்கமே படத்தைக் கலைத்துவிடக்கூடும்.

ஒளியுணர்திறன்: ஐ.எஸ்.ஓ 100, 200, 400 என இரட்டித்துச் செல்லும். உயர்ந்த எண்ணில் மங்கிய ஒளியிலும் படமெடுக்கலாம். ஆனால் படத்தில் புள்ளிகள் தோன்றும்.

ஈடுசெய்தல்

எஃப்/8, 1/125 நொடி, எஃப்/5.6, 1/250 நொடி. எஃப்/4, 1/500 நொடி ஆகிய மூன்றும் ஒரே ஒளியளவைத் தருவன. எனினும் படங்கள் ஒன்றல்ல: முதலாவதில் பின்னணி கூடுதல் தெளிவாக இருக்கும், கடைசியில் அசைவு நன்கு உறைந்திருக்கும். எது வேண்டும் என்பதை எடுப்பவரே முடிவு செய்யவேண்டும்.

வெயில் விதி

ஒளிமானி இன்றியும் ஒளியளவை மதிப்பிட உதவும் பழைய விதி இது. நல்ல வெயிலில் துளையை எஃப்/16 ஆக வைத்து, ஐ.எஸ்.ஓ எண்ணின் தலைகீழை மூடுவேகமாகக் கொள்ளவேண்டும். எடுத்துக்காட்டாக, ஐ.எஸ்.ஓ 100 எனில் ஏறத்தாழ 1/100 நொடி. வானம் முழுதும் மேகமூட்டமாயின் எஃப்/8 பொருந்தும்.

தானியங்கி முறையின் குறைபாடு

கருவியிலுள்ள ஒளிமானி பொருள்களிலிருந்து திரும்பும் ஒளியையே அளக்கிறது. காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமுடையது எனக் கொள்கிறது. எனவே படம் முழுதும் வெள்ளை வேட்டிகள் நிறைந்திருந்தால் அவை சாம்பலாகவும், எருமையை அருகில் எடுத்தால் அது வெளிறியும் பதிவாகக்கூடும். சன்னலுக்கு முன் நிற்பவரின் முகம் இருண்டுபோவதும் இதனாலேயே. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் திருத்த அமைப்பில் +1 அளவும், எருமைக்கு -1 அளவும் வைத்து எடுத்துப் பார்க்கலாம்.

பயிற்சி

அசையாத ஒரு பொருளை ஒரே இடத்திலிருந்து, ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, பல படங்கள் எடுத்து ஒப்பிடுதல் தொடக்கநிலையினருக்கு ஏற்ற பயிற்சியாகும்.