நூல்கள் வழியே தோட்டப்புறத்தைத் தேடுவோம்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சாருக்குச் செல்லும் சாலையில் இன்று பயணம் செய்பவர்கள், வீடமைப்புப் பகுதிகளையும் செம்பனைத் தோட்டங்களையும் காண்கின்றனர். ஒரு காலத்தில் இப்பகுதியில் பரந்து விரிந்திருந்த இரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன, அங்கு வாழ்ந்தோர் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். சில இடங்களில் கோயிலும் தமிழ்ப்பள்ளியின் பெயரும் மட்டுமே பழைய தோட்டத்தை நினைவூட்டுகின்றன.

கண்முன் இல்லாத ஒரு வாழ்க்கையை நாம் எவ்வாறு அறிவது? அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அவ்வாழ்க்கையை வாழ்ந்த மூத்தோரிடம் கேட்பது. மற்றொன்று, அதைப் பற்றி எழுதப்பட்ட நூல்களைப் படிப்பது. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது பழமொழி. ஆனால், சுரைக்கொடியே இல்லாமற்போன இடத்தில், சுரைக்காய் எப்படி இருந்தது என்பதை ஏடுதான் நமக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வரலாற்று நூல்கள் சொல்வன

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்திற்கு அருகில் மிகப் பழைமையான இரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. 1877ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு இரப்பர்க் கன்றுகள் அனுப்பப்பட்டன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் ஆலோசகராக இருந்தவர் ஹியூ லோ. அந்தத் தொடக்கக்கால மரங்களுள் ஒன்றே இன்றும் நிற்கிறது.

மரத்தைப் பார்த்தால் அதன் வயதையும் பருமனையும் வியக்கலாம். ஆனால், அந்த மரத்தினால் இலட்சக்கணக்கான மக்கள் கடல் கடந்து வந்த காரணத்தை மரம் சொல்லாது. அதை வரலாற்று நூல்கள் விளக்குகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. சக்கரங்களுக்கு இரப்பர் தேவைப்பட்டது. விலை உயர்ந்ததும் மலாயாவில் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் உருவாயின. அவற்றில் வேலை செய்ய ஆள் தேவைப்பட்டபோது, அன்றைய சென்னை மாகாணத்தின் வறண்ட ஊர்களிலிருந்து தமிழர்கள் வரவழைக்கப்பட்டனர்.

கெர்னியல் சிங் சாந்து எழுதி 1969இல் வெளிவந்த 'மலாயாவில் இந்தியர்கள்' என்னும் ஆங்கில நூல் இக்குடியேற்றத்தை விரிவாக ஆராய்கிறது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு கங்காணி முறையே ஓங்கியது. தோட்டத்தில் வேலை செய்த ஒருவர், கங்காணியாகத் தம் சொந்த ஊருக்குத் திரும்பிச் சென்று, உற்றார் உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கை அடைந்து, நோய்த்தடுப்புக்காகப் புலாவ் ஜெரெஜாக் தீவில் தங்க வைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு இத்தகைய ஆள் அனுப்பும் முறைக்குத் தடை விதித்தது. ஒரே ஊரைச் சேர்ந்த பல குடும்பங்கள் ஒரே தோட்டத்தில் வாழ்ந்ததற்கும், ஊர்த் தெய்வங்கள் தோட்டத்துக் கோயில்களில் குடியேறியதற்கும் காரணம் இதிலிருந்து நமக்குப் புரிகிறது.

நாவல்கள் காட்டுவன

வரலாற்று நூல் ஆண்டுகளையும் எண்ணிக்கைகளையும் தருகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்த ஒரு தாயின் களைப்பை அது காட்டுவதில்லை. அந்த இடத்தை நாவலும் சிறுகதையும் நிரப்புகின்றன.

தோட்ட வாழ்க்கையின் நாள் மிக முன்னதாகத் தொடங்கும். இதற்கு அறிவியல் காரணம் உண்டு. இரப்பர் மரத்தின் பட்டைக்குள் இருக்கும் நுண்குழாய்களில் பால் ஓடுகிறது. அதிகாலைக் குளிர்ச்சியில் அக்குழாய்களுக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற அது குறையும். ஆகவே, இருட்டிலேயே பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு நிரைக்குப் புறப்பட வேண்டும். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் விடப்பட்டனர். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லாத நாளில் வருமானத்திற்கும் தட்டுப்பாடு. மரத்தின் இயல்பே மனிதரின் தூக்கத்தையும் உணவையும் குழந்தை வளர்ப்பையும் தீர்மானித்தது.

1975இல் ஞானபீட விருது பெற்ற தமிழக எழுத்தாளர் அகிலன், நம் நாட்டுத் தோட்டங்களை நேரில் கண்டு 'பால்மரக் காட்டினிலே' என்னும் நாவலை எழுதினார். மலேசிய எழுத்தாளர்கள் இவ்வாழ்க்கையை உள்ளிருந்தே எழுதினர். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்ட மக்களின் பேச்சுமொழியை அப்படியே ஏந்தி நிற்கும் நாவல். வெளியிலிருந்து வந்து பார்த்தவரின் எழுத்தையும், அங்கேயே வாழ்ந்தவரின் எழுத்தையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரே காட்சி இரண்டு பேர் கண்ணுக்கு எப்படி வேறுபடுகிறது என்பதை உணரலாம்.

எழுதப்படாவிட்டால் என்ன ஆகும்?

இரண்டாம் உலகப் போரின்போது, சயாமின் பான் போங்கையும் பர்மாவின் தன்பியூசயாட்டையும் இணைக்க ஜப்பானியர் ஓர் இரயில் பாதை அமைத்தனர். அதன் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. ஏறக்குறைய 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகளும், அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமான ஆசியத் தொழிலாளர்களும் அதில் வேலை வாங்கப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் பெருந்தொகையினர். வாந்திபேதி, மலேரியா, பசி ஆகியவற்றால் பல்லாயிரவர் மாண்டனர்.

போர்க்கைதிகளுள் பலர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் நாட்குறிப்பு எழுதினர், படம் வரைந்தனர், போருக்குப் பின் நினைவு நூல்கள் வெளியிட்டனர். இறந்த கைதிகளின் பெயர்கள் காஞ்சனாபுரியில் உள்ள கல்லறைகளில் பொறிக்கப்பட்டன. 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் திரைப்படம் பிரிட்டிஷ் கைதிகளின் கதையை உலகமெங்கும் கொண்டு சென்றது. ஆனால், காட்டில் புதையுண்ட தமிழ்த் தொழிலாளர்களுள் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. அவர்களுள் பலர் எழுதத் தெரியாதவர்கள். அவர்களின் துயரம் உயிர் பிழைத்துத் திரும்பியவர்களின் வாய்மொழியில் மட்டுமே தங்கியிருந்தது.

அந்த வாய்மொழியை ஏட்டில் ஏற்றியவர்கள் நம் எழுத்தாளர்களே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் அப்பாதையில் வதைபட்ட தமிழரின் கதையைச் சொல்கின்றன. கல்லில் பெயர் பொறிக்கப்படாத மக்களுக்கு இந்நூல்களே நினைவுக்கல் ஆயின.

சொற்களில் ஒளிந்திருக்கும் வரலாறு

தோட்டம் மறைந்தபோது அதன் மொழியும் மங்கத் தொடங்கியது. பால் சேரும் மங்கு, தானே உறைந்த கட்டிப்பால், மரங்களின் வரிசையான நிரை, களை எடுக்கும் வெளிக்காட்டு வேலை, இரு பக்கமும் வாளி தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு போன்ற சொற்களை நகரத்தில் பிறந்த இளையோர் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள். இவற்றைப் பழைய கதைகளில் காணும்போது, கதையோட்டத்திலிருந்தே அவற்றின் பொருளை உணர்ந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு சொல்லும் ஒரு தொடர்பைக் காட்டுகிறது. காண்டாக் கம்பில் தோளில் சுமப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல் ஒலிக்கிறது. பெரட்டு என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்பர். மறுபுறம், தமிழின் கடை, கப்பல், பெட்டி, முதல் ஆகிய சொற்கள் மலாய் மொழியில் கெடாய், காப்பால், பெத்தி, மோடால் என வழங்குகின்றன. தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ் வணிகர்கள் இங்கு வந்து சென்றதன் தடயங்கள் இவை. ஆகவே, ஒரு சொல்லை விளங்கிக்கொள்ள முயல்பவர் வணிகம், குடியேற்றம், அண்டை அயலாருடன் கொண்ட உறவு ஆகிய அனைத்தையும் சேர்த்தே அறிகிறார்.

லாவோஸ் தரும் பாடம்

தென்கிழக்காசியாவில் மற்றொரு நாடும் தன் வரலாற்றை ஏடுகளில் தேடியது. லாவோஸ் நாட்டில் பழைய நூல்கள் பனையோலை போன்ற ஓலைகளில் எழுதப்பட்டுப் பௌத்த மடாலயங்களில் வைக்கப்பட்டிருந்தன. ஈரமும் பூச்சியும் போரும் அவற்றை அழித்துக்கொண்டிருந்தன. 1992 முதல் அந்நாட்டு அரசு, ஜெர்மனியின் உதவியுடன், நூற்றுக்கணக்கான மடாலயங்களில் இருந்த சுவடிகளைக் கணக்கெடுத்துப் பாதுகாத்தது. 2009இல் ஏறக்குறைய 12,000 சுவடிகளின் படங்கள் மின்னூலகம் ஒன்றில் அனைவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டன. நாம் அறிந்த இராமாயணக் கதையும் அங்கு 'பிரா லாக் பிரா லாம்' என்னும் பெயரில் வழங்குகிறது. அப்பெயரில் இலக்குவன் முதலிலும் இராமன் அடுத்தும் வருவது சுவையான செய்தி. ஒரு கதை ஊர் மாறும்போது எப்படி உரு மாறுகிறது என்பதைச் சுவடிகள் காப்பாற்றப்பட்டதால்தான் நாம் அறிய முடிகிறது.

எப்படிப் படிப்பது?

மாணவர்களே, நூலில் உள்ள அனைத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்வது முறையான வாசிப்பு ஆகாது. யார் எழுதினார், எப்போது எழுதினார், யாருக்காக எழுதினார் என்னும் மூன்று வினாக்களை எந்த நூலைப் படிக்கும்போதும் கேட்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. இதை மட்டும் படிப்பவர், தோட்டங்களில் கல்வி சிறப்பாக நடந்தது என்று எண்ணக்கூடும். அங்குப் படித்தவர்களின் நினைவுகளைப் படித்தால் வேறொரு காட்சி தெரியும். பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர், கொட்டகையே வகுப்பறை. சட்டம் என்ன நடக்க வேண்டும் என்று சொல்கிறது. நினைவுக் குறிப்பு என்ன நடந்தது என்று சொல்கிறது. இரண்டையும் ஒப்பிடும்போதே உண்மை தெளிவாகும். அதேபோல், நாவலாசிரியர் மாந்தரையும் உரையாடலையும் கற்பனையாகப் படைக்க உரிமை உடையவர். எனவே, நாவலில் வரும் ஆண்டுகளையும் நிகழ்வுகளையும் வரலாற்று நூலோடு சரிபார்ப்பது நன்று.

எங்கே தேடுவது?

ஈப்போவில் உள்ள துன் ரசாக் நூலகம் போன்ற பொது நூலகங்களில் தேடலைத் தொடங்கலாம். நம் நாட்டில் வெளியிடப்படும் நூல்களின் படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்கிறது. அதற்கு முன் வெளிவந்த தமிழ் நூல்களை அறிய, இராம சுப்பையா தொகுத்து 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா' என்னும் நூற்பட்டியல் உதவுகிறது. கோயில் திருவிழா மலர்களும் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்களும்கூட அரிய சான்றுகளே. அவற்றில் உள்ள நிழற்படங்களும் பெயர்களும் வேறெங்கும் கிடைக்காதவையாக இருக்கலாம்.

நம் முன்னோர் நூல்களின் அருமையை உணர்ந்திருந்தனர். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமையவிருந்தபோது, அங்குத் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. எளிய தொழிலாளர்களும் தங்களால் இயன்ற பொருளை வழங்கினர். அந்நிதி பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர்க்கப்படத் துணைபுரிந்தது. தாம் படிக்க வாய்ப்பில்லாத நூல்களுக்காக அவர்கள் தம் உழைப்பின் ஊதியத்தைக் கொடுத்தார்கள்.

அந்த நூல்களைத் திறந்து படிப்பது நம் கடமை. அதோடு, இன்னும் எழுதப்படாத செய்திகளும் பல உள்ளன. பால் வெட்டிய தாத்தாவும் நிரை பிடித்த பாட்டியும் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயர், அங்கு வழங்கிய சொற்கள், பாடிய பாடல்கள், கொண்டாடிய திருவிழாக்கள் ஆகியவற்றைக் கேட்டு, நாளையும் இடத்தையும் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். தோட்டப்புறத்தைத் தேடி நாளை வரும் ஒருவருக்கு அக்குறிப்பேடும் ஒரு நூலாகப் பயன்படும்.