கடலே இல்லாத அரக்கோணத்தில் கடற்படைக்கு என்ன வேலை?

திருவண்ணாமலைக்காரர்கள் கடலைப் பார்க்கணும்னா புதுச்சேரிக்கு பஸ் ஏற வேண்டும். நேர்கோட்டில் அளந்தாலே 80 கி.மீட்டருக்கு மேல். ‘கடற்படை’ என்றதும் நினைவுக்கு வருவதும் விசாகப்பட்டினம், மும்பை, கொச்சி போன்ற துறைமுக ஊர்கள்தான். ஆனால், இந்தியக் கடற்படையின் மிக முக்கியமான விமான தளங்களில் ஒன்று, பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் அரக்கோணத்தில் இருக்கிறது. பெயர் ஐஎன்எஸ் ராஜாளி.

அங்கே இருக்கும் ஓடுபாதையின் நீளம் 4 கி.மீட்டருக்கும் அதிகம். கிரிவலப் பாதை 14 கி.மீ. அதில் கால் பங்குக்கும் மேல் நீளத்துக்கு, வளைவே இல்லாமல் நேராக ஒரு ரன்வே என்று கற்பனை செய்து பாருங்கள். சென்னை விமான நிலையத்தின் பிரதான ஓடுபாதைகூட இவ்வளவு நீளம் கிடையாது.

கடற்கரையிலிருந்து 60 கி.மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ஊரில் கடற்படை ஏன் இவ்வளவு பெரிய தளத்தை வைத்திருக்கிறது? அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

கடற்படைக்கு விமானம் எதுக்கு?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். புதிய அளவீட்டின்படி இந்தியக் கடற்கரையின் நீளம் 11,098 கி.மீ. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உள்ள மீன்வளம், எண்ணெய் உள்ளிட்ட வளங்கள் மீது நமக்கு உரிமை உண்டு. இதைத்தான் பிரத்யேகப் பொருளாதார மண்டலம் என்கிறார்கள். அதன் பரப்பு 20 லட்சம் சதுர கி.மீட்டருக்கு மேல். அதாவது, தமிழ்நாட்டைப் போலச் சுமார் 15 மடங்கு. நாட்டின் வெளிநாட்டு வர்த்தகத்தில் எடை அளவில் சுமார் 95 சதவீதம் கடல் வழியாகத்தான் நடக்கிறது.

இவ்வளவு பெரிய பரப்பைக் கப்பலை மட்டும் வைத்துக் காவல் காக்க முடியாது. ஒரு போர்க்கப்பல் முழு வேகத்தில் போனாலும் மணிக்கு 55 கி.மீ. அளவில்தான் போகும். நம்ம ஊர் பைபாஸில் போகும் பைக் வேகம்தான். பூமி வளைந்திருப்பதால், கப்பலின் ரேடார் கடல் மட்டத்தில் உள்ள ஒரு படகைச் சில பத்து கிலோமீட்டர் தூரம் வரைதான் பார்க்கும். அதே ரேடாரை 10 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானத்தில் வைத்தால், தொடுவானமே 350 கி.மீட்டருக்கு அப்பால் போய்விடும்.

ஒரு நவீன போர்க்கப்பலுக்கு ஆகும் செலவு ஆயிரக்கணக்கான கோடி ரூபாய். வளரும் நாடு ஒன்று எல்லா இடத்திலும் கப்பலை நிறுத்த முடியாது. அதனால் முதலில் விமானத்தை அனுப்பி, எங்கே பிரச்சினை என்று பார்த்துவிட்டு, அங்கே மட்டும் கப்பலை அனுப்புவதுதான் கட்டுப்படியாகும் வழி. சண்டை போடுவதற்கு முன்னால் கடற்படை செய்ய வேண்டிய வேலை, பார்ப்பது.

பார்க்கத் தவறினா என்ன ஆகும்?

சென்னைக்கு இது புதிய பாடம் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் யார் கண்ணிலும் படாமல் சென்னைக்கு அருகே வந்து குண்டு வீசியது. எண்ணெய்க் கிடங்குகள் பற்றி எரிந்தன. ‘எமகாதகன்’ என்ற பொருளில் ‘எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோமே, அது அன்று வந்த வார்த்தைதான்.

1971 போரில் இந்தியாவின் விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி, பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கிக் கப்பல் வங்கக் கடலுக்குள் வந்தது. அதற்குள் விக்ராந்த் அந்தமான் பக்கம் போய்விட்டது. காஜி, விசாகப்பட்டினம் அருகே டிசம்பர் 3-4 இரவில் மூழ்கியது. இந்தியக் கடற்படையின் தாக்குதலே காரணம் என்கிறது இந்தியா. விபத்து என்கிறது பாகிஸ்தான். எப்படி இருந்தாலும், எதிரியின் நீர்மூழ்கி ஒன்று நம் கிழக்குக் கரை வரை வந்துவிட்டது என்பது உண்மை.

2008 நவம்பர் 26 அன்று மும்பையைத் தாக்கிய 10 பேரும் கடல் வழியாகத்தான் வந்தார்கள். அதன் பிறகு, 2009-ல் நாட்டின் ஒட்டுமொத்தக் கடல் பாதுகாப்புப் பொறுப்பு கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது.

ராஜாளியில் என்ன நடக்குது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே அரக்கோணத்தில் விமான தளம் இருந்தது. அந்த இடத்தில் உருவான ஐஎன்எஸ் ராஜாளியை 1992 மார்ச் 11 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் தொடங்கி வைத்தார். ராஜாளி என்பது மேலேயிருந்து இரையைப் பார்த்துப் பாயும் வேட்டைப் பறவை. பொருத்தமான பெயர்தான்.

சோவியத் யூனியனிடமிருந்து 1988-ல் வாங்கிய டியூ-142எம் ரக ராட்சத விமானங்கள் கோவாவிலிருந்து இங்கே மாற்றப்பட்டன. மொத்தம் 29 ஆண்டுகள் பறந்த அவை 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. அதில் ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

அவற்றின் இடத்துக்கு வந்தது அமெரிக்காவின் பி-8ஐ. நாம் பயணம் செய்யும் போயிங் 737 விமானத்தின் உடம்புதான் இதற்கும். முதல் விமானம் 2013 மே மாதம் அரக்கோணத்தில் இறங்கியது. சுமார் 2,200 கி.மீ. தூரம் போய், அங்கே 4 மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். அந்தமானின் தலைநகர் அரக்கோணத்திலிருந்து சுமார் 1,400 கி.மீ.தான்.

நீர்மூழ்கியை எப்படிக் கண்டுபிடிக்கும்? ‘சோனோபாய்’ எனப்படும் மிதவைகளை விமானம் கடலில் வரிசையாகப் போடும். ஒவ்வொன்றிலும் தண்ணீருக்குள் தொங்கும் மைக் இருக்கும். நீர்மூழ்கியின் சத்தம் எந்த மிதவையில் எப்படிக் கேட்கிறது என்பதை ஒப்பிட்டு, அது இருக்கும் இடத்தைக் கணக்கிடுவார்கள். போர் நேரமாக இருந்தால் அடுத்தது டார்பிடோ.

சரி, ஏன் கடற்கரையிலேயே வைக்கலை?

விமானத்துக்கு 60 கி.மீ. ஒரு தூரமே இல்லை. சுமார் 5 நிமிஷம். ஆனால், அந்த இடைவெளியால் கிடைக்கும் லாபம் அதிகம். உப்புக் காற்று விமானத்தின் உலோகத்தை அரிக்கும். உள்ளே தள்ளி இருந்தால் அந்தத் தொல்லை குறையும். புயல் நேரத்தில் கடல் நீர் புகாது. நீளமான ஓடுபாதைக்குச் சமதளமான நிலமும் கிடைக்கும்.

தண்ணீருக்குப் பக்கத்திலேயே தளம் வைத்தால் என்ன ஆகும் என்பதை 2004 டிசம்பர் 26 சுனாமி காட்டியது. கார் நிக்கோபாரில் இருந்த விமானப்படைத் தளம் சிதைந்தது. வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, பயணிகள் விமானங்கள் ராஜாளியிலிருந்துதான் சில நாட்கள் இயங்கின. நிவாரண விமானங்கள் வந்திறங்கியதும் அங்கேதான். தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியனும் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு புயலுக்கும் ‘அரக்கோணத்திலிருந்து மீட்புப் படை விரைந்தது’ என்று செய்தி வருவது இதனால்தான்.

ராஜாளி மட்டும்தானா?

இல்லை. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்கிறது. 1990-ல் தொடங்கப்பட்ட இந்தத் தளத்தின் வேலை, கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குத் தகவல் அனுப்புவது. சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீருக்குள் போகாது. மிகக் குறைந்த அதிர்வெண் அலைதான் சில மீட்டர் ஆழமாவது இறங்கும். அதை அனுப்ப மிக உயரமான கோபுரங்களும் பெரிய நிலப்பரப்பும் தேவை.

இதே மாதிரியான இரண்டாவது தளத்துக்கு 2024 அக்டோபரில் தெலங்கானாவின் விகாராபாத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதுவும் கடலே இல்லாத மாவட்டம். காப்புக்காட்டில் மரங்கள் வெட்டப்படும், மூசி ஆற்றின் நீர்ப்பிடிப்பு பாதிக்கப்படும் என்று அங்கே எதிர்ப்பு கிளம்பியது. கடல் பாதுகாப்புக்கான விலையை உள்நாட்டு மண்ணும் கொடுக்கிறது என்பதற்கு இது உதாரணம்.

எல்லாம் சரி, சிக்கல் எங்கே?

கண் நம்முடையது, கண்ணாடி வெளிநாட்டுக்காரர்களுடையது. டியூ-142எம் சோவியத்திடமிருந்து வந்தது, பி-8ஐ அமெரிக்காவிடமிருந்து வந்தது. 2020 முதல் ராஜாளியிலிருந்து பறந்த சீ கார்டியன் டிரோன்கள் அமெரிக்க நிறுவனத்திடம் குத்தகைக்கு எடுத்தவை. அதில் ஒன்று 2024 செப்டம்பரில் தொழில்நுட்பக் கோளாறால் வங்கக் கடலில் இறக்கப்பட்டது. அடுத்த மாதமே 31 டிரோன்கள் வாங்க அமெரிக்காவுடன் ஒப்பந்தம் போடப்பட்டது. அதில் 15 கடற்படைக்கு.

வாங்கிய கருவிக்கு உதிரிபாகம் வராவிட்டால்? 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை விதித்தபோது, கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்கள் பல உதிரிபாகம் இல்லாமல் தரையில் நின்றன. ஹெலிகாப்டர் இருந்தது, பறக்க முடியவில்லை.

கப்பல் கட்டுவதில் நிலைமை மாறியிருக்கிறது. 2022 செப்டம்பர் 2-ல் படையில் சேர்ந்த புதிய விக்ராந்த், கொச்சியில் கட்டப்பட்டது. கண்காணிப்பு விமானத்தில் அந்த அளவுக்கு வரவில்லை. சி-295 விமானத்தைக் கடல் கண்காணிப்புக்கு மாற்றி, கடற்படைக்கு 9, கடலோரக் காவல்படைக்கு 6 என 15 விமானங்கள் வாங்கும் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகம் முதல்கட்ட ஒப்புதல் தந்தது. உள்ளே இருக்கும் கருவிகளில் எத்தனை இங்கே தயாராகும் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

நம்ம ஊர் இளைஞர்களுக்கு?

வேலூர் அருகே கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் உண்டு. இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு ராணுவம் தெரியும். கடற்படை அவ்வளவாகத் தெரியாது. கடற்கரை ஊரில் பிறந்தவர்கள்தான் சேரலாம் என்று விதி எதுவும் இல்லை. அக்னிவீர் திட்டத்தில் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு பிரிவும், 10-ம் வகுப்பு முடித்தவர்களுக்கு இன்னொரு பிரிவும் உண்டு. பயிற்சி ஒடிசாவில் உள்ள ஐஎன்எஸ் சில்காவில். 2022 முதல் பெண்களும் மாலுமிகளாகச் சேர்கிறார்கள்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்க வேண்டும். இது 4 ஆண்டுப் பணி. அதன் பிறகு நிரந்தரமாக எடுக்கப்படுவது அதிகபட்சம் 25 சதவீதம் பேர் என்பதே திட்டத்தின் அறிவிப்பு. மற்றவர்கள் சேவா நிதித் தொகையுடன் வெளியே வருவார்கள், ஓய்வூதியம் கிடையாது. இருபதுகளின் தொடக்கத்தில் வேறு வேலை தேட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே திட்டமிடுவது நல்லது.

ரேடாரின் கதையும் எலெக்ட்ரானிக்ஸ், மென்பொருள் கதைதான். சீருடை போட விருப்பமில்லாத இன்ஜினீயருக்கும் இதில் வேலை இருக்கிறது. பி-8ஐ விமானத்துக்கு அடுத்து வரப்போகும் ‘கண்’ எந்த நாட்டில் தயாராகும் என்பதை, இன்று கல்லூரியில் இருப்பவர்கள்தான் முடிவு செய்யப்போகிறார்கள்.