கரையேறிய கிற்றார்

மறுவெளியீடு என்பது, ஒரு காலத்தில் இசைத்தட்டாக வெளிவந்து பின்னர் கடைகளிலிருந்தும் வானொலியிலிருந்தும் மறைந்துபோன ஒலிப்பதிவொன்றை, அதன் மூல நாடாவிலிருந்தோ, நாடா அழிந்துபோயிருப்பின் எவரிடமாவது எஞ்சியிருக்கும் தட்டிலிருந்தோ மீண்டும் எடுத்து, தேய்வினாலும் தூசியினாலும் ஏறிய இரைச்சலைக் களைந்து, புதிய தட்டாகவோ இறுவட்டாகவோ வெளியிடும் பணியாகும். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றியபோது சிதைந்த ஏடுகளை ஒப்பிட்டுப் பாடத்தைத் தெளிந்த உழைப்புக்கும் இதற்கும் உறவுண்டு. ஏட்டுக்குப் பதில் தட்டும், பூச்சியரிப்புக்குப் பதில் ஊசிக்கீறலும் வந்துள்ளன என்பதே வேறுபாடு. ஈழத்துத் தமிழ்ப் பொப் இசைக்கு, அதிலும் திருகோணமலைத் துறைமுகத்தோடு தொடர்புடைய அதன் பகுதிக்கு, இத்தகைய பதிப்புழைப்பு இன்று எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை உணர, அந்த இசை எவ்வாறு பிறந்தது என்பதையும் முதன்முறை வெளிவந்தபோது எவ்வாறு கேட்கப்பட்டது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

ஒரு பாடகர் தம் மண்ணின் இசையிலிருந்து மின்கிற்றாரின் பக்கம் திரும்பும்போது, அவர் மண்ணைக் கைவிட்டார் என்ற குற்றச்சாட்டு எந்த நாட்டிலும் எழுகிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் சிற்றூர்களில் வேரூன்றிய கன்ட்ரி இசையில், டெக்சாஸ் மாநிலத்தில் 1937இல் பிறந்த வேலன் ஜெனிங்ஸின் கதை இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டாகும். இளமையில் றொக் பாடகரான படி ஹொலியின் குழுவில் பேஸ் கிற்றார் வாசித்திருந்த அவர், பாடகர் வந்து பாடிவிட்டுப் போக நிறுவனம் அமர்த்திய கலைஞர்களே பின்னணி வாசிக்கும் நாஷ்வில் நகர வழக்கத்தை ஏற்க மறுத்து, 1972இல் தம் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதச் செய்து, அதன்பின் 1973இல் வெளிவந்த ‘ஹொங்கி ரொங்க் ஹீரோஸ்’ தொகுப்பில் றொக் இசையின் இறுக்கமான தாளத்தைக் கன்ட்ரிப் பாடலுக்குள் கொண்டுவந்தார். 1999இல் அத்தொகுப்பு மறுவெளியீடு பெற்றபோது பழைய பூசல் ஓய்ந்திருந்தது. அதைக் கேட்போருக்கு, சிற்றூர்ப் பாட்டின் எளிய சொல்லும் சோகமும் மின்னொலிக்கு நடுவிலும் குலையாமல் நிற்பது தெளிவாகக் கேட்கிறது. முதல் வெளியீட்டில் புதுமையே காதில் முந்தி விழும். மறுவெளியீட்டில்தான் பழமை எவ்வளவு தங்கியிருந்தது என்பது புலப்படும்.

திருகோணமலையைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டின் அடிப்படையே ஐயத்துக்குரியது, ஏனெனில் உலகின் ஆழமிகு இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றான இவ்வூரில், கடல்வழி வந்தது அயலானது, கரையில் இருந்தது நம்முடையது என்று கோடு கிழிக்க எக்காலத்திலும் இயன்றதில்லை. பதினேழாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் திருக்கோணேஸ்வரத்தை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், அழித்ததோடு நில்லாமல், தம் மொழியையும் ஆடலையும் கூட விட்டுச்சென்றனர். அவர்களின் வழிவந்த பறங்கியர் எனப்படும் சமூகத்தார் மட்டக்களப்பிலும் திருகோணமலைப் பாலையூற்றுப் பகுதியிலும் வாழ்ந்து, ஆபிரிக்க வழியினரான காப்பிரியரோடு பகிர்ந்துகொண்ட ‘கஃப்ரிஞ்ஞா’ என்னும் ஆறெண்ணிக்கை ஆட்ட இசையைக் கல்யாண வீடுகளில் வயலினோடும் கைமுரசோடும் பேணிவந்தனர். ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பெயர்பெற்ற ‘பைலா’ இதன் கிளையேயாகும். காவற்றுறையில் பணியாற்றிய வொலி பஸ்தியான் 1940களில் அதனைச் சிங்களப் பாட்டாக்கி நாடெங்கும் பரப்பினார். கும்மிப் பாட்டின் திஸ்ர நடைக்குப் பழகிய தமிழ்க் காதுக்கு இந்த ஆறெண்ணிக்கை அயலானதாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. கரைவலை இழுக்கும் மீனவர் பாடும் அம்பாப் பாடல்களில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் சேர்ந்து வாங்கிப் பாடும் அமைப்பும், பைலாவிலும் பொப் பாட்டிலும் வரும் கூட்டுக்குரல் அமைப்பும் ஒன்றுக்கொன்று மிக அணுக்கமானவை.

இதன்மேல் இன்னொரு படலம் படிந்தது. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்தமையால், மேலைநாட்டுப் பாட்டும் அதன் வாத்தியங்களும் தலைநகருக்குத் தொலைவான இவ்வூருக்குப் புதினமாக இருக்கவில்லை. 1949இல் தனித் திணைக்களமாகிய இலங்கை வானொலி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தென்கிழக்காசியப் படைத்தலைமை நடத்திய ஒலிபரப்பின் வலுமிக்க கருவிகளைப் பெற்றிருந்ததால், தமிழ்த் திரைப்பாடலையும் ஆங்கிலப் பாடலையும் ஒரே பெட்டியில் ஒரே நாளில் கேட்பது வழக்கமாயிற்று. கன்ட்ரிப் பாடகரான ஜிம் ரீவ்ஸின் தாழ்ந்த குரலுக்கு அமெரிக்காவுக்கு வெளியே கிடைத்த பெரும் வரவேற்புகளுள் இலங்கையின் வரவேற்பும் ஒன்றாகும்.

இந்தச் சூழலில்தான் திருகோணமலையின் பரமேஷ், கோணேஷ் என்னும் சகோதரர்கள் கிற்றார் இசையோடு தமிழ்ப் பாட்டு இசைக்கத் தொடங்கினர். எம். பி. பரமேஷ் தாமே மெட்டமைத்துப் பாடிய காதற் பாடல், இலங்கையில் உருவான முதல் தமிழ் இசைத்தட்டு என்று பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. இதன் பெறுமதியை மதிப்பிட, அக்காலத் தமிழ்க் காது சென்னைத் திரையிசையின் முழு வாத்தியக் குழுவுக்குப் பழகியிருந்ததை நினைவிற்கொள்ள வேண்டும். அந்தப் பேரொலியோடு போட்டியிடாமல், சில வாத்தியங்களையும் ஊர்க்குழுவையும் கொண்டு, கேட்பவரோடு நேரே பேசுவதுபோன்ற குரலில் பாடுவது துணிவான தெரிவாகும். யாழ்ப்பாணத்தவரான நித்தி கனகரத்தினம், அம்பாறை ஹாடி தொழினுட்பக் கல்லூரியில் பயின்ற காலத்தில், ஊர்ப் பேச்சையும் உறவுமுறை விளியையும் அப்படியே பாட்டாக்கிக் கிற்றாரோடு பாடி, துள்ளிசை என்று பின்னர் பெயர்பெற்ற இப்பிரிவின் முன்னோடியானார். ஏ. ஈ. மனோகரன் அதே இசையைப் பைலாவின் ஆட்டத்தோடு கலந்து தமிழகத்துக்கும் கொண்டுசென்றார். அவர் புகழ்பெறச் செய்த ‘சுராங்கனி’ 1977இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இடம்பெற்றதிலிருந்து, கடல் கடந்து சென்றது மெட்டு மட்டுமன்று, ஒரு நடையும்தான் என்பது விளங்கும். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்நாட்டுத் தயாரிப்புக்கு இடமளித்தமையும் இவ்வளர்ச்சிக்கு உதவியது.

அக்காலத்தில் இப்பாடல்களைக் கர்நாடக இசையின் அளவுகோலால் அளந்தோர் இலேசானவை என்றும், நாட்டார் இசையின் அளவுகோலால் அளந்தோர் மேலைப் போலி என்றும் ஒதுக்கினர். இரண்டு தீர்ப்பும் தவறானவை. பேச்சுவழக்கு, கேலி, உறவு விளி, கூட்டுக்குரல், திஸ்ரத் துள்ளல் ஆகிய அனைத்தும் நாட்டார் மரபின் கூறுகள். கிற்றார் அவற்றைத் தாங்கும் பந்தற்காலாக மட்டுமே நின்றது.

இவ்விசையின் மீள்வருகை பெரும்பாலும் வெளியிலிருந்தே நிகழ்ந்துள்ளது. இலங்கைப் பறங்கியரதும் காப்பிரியரதும் பாடல்களைப் போர்த்துக்கல்லின் டிராடிசோம் நிறுவனம் 1998இல் இறுவட்டாக வெளியிட்டது. பிரான்சின் அக்குஃபோன் நிறுவனம் 2010களின் பிற்பகுதியில், சிங்கள, தமிழ் நாட்டார்–பொப் இசையின் பொற்காலம் என்னும் பொருள்பட்ட தலைப்பில் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தது. நாட்டாரையும் பொப்பையும் ஒரே சொல்லாக இணைத்த அந்தத் தலைப்பு, உள்ளூர்த் திறனாய்வு செய்யத் தவறிய கணிப்பை அயலவர் செய்ததற்குச் சான்றாகும். சிங்களப் பாடலையும் தமிழ்ப் பாடலையும் அடுத்தடுத்து வைத்ததும் சரியான முடிவே, ஏனெனில் 1966இல் உருவான மூன்ஸ்டோன்ஸ் குழுவில் கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்களத்துக்கு மின்கிற்றாரைக் கொண்டுவந்த முயற்சியும் தமிழ்த் துள்ளிசையும் ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில் முளைத்தவை.

ஆயினும் மறுவெளியீட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. ஜிம் ரீவ்ஸ் 1964 யூலை 31இல் விமான விபத்தில் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளின்மேல் புதிய வாத்தியங்களைச் சேர்த்து நிறுவனம் பல ஆண்டுகள் தட்டுகளை வெளியிட்டு வந்தது. அவற்றுள் ஒன்றான ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’ 1966இல் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. குரல் அவருடையது, அதைச் சூழ்ந்த இசையை அவர் கேட்டதேயில்லை. ஈழத்துத் தட்டுகளை மீட்போர் இவ்வழியை நாடக்கூடாது. மெலிந்த பேஸ் ஒலியையும் ஒற்றை ஒலிவாங்கியின் நெருக்கத்தையும் குறையென்று கருதித் திருத்தினால், அந்த இசை எத்தகைய சிறிய வசதிக்குள் செய்யப்பட்டது என்னும் வரலாறும் சேர்ந்தே அழியும்.

அழிவு வேறு வழியிலும் நெருங்குகிறது. ஒலிநாடாவில் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரப்பதனை உறிஞ்சிச் சிதைவடையும் இயல்புடையது. வாடைக்காற்றுக் கால மழையும் உப்புக்காற்றும் சேர்ந்த கிழக்குக் கரையில் அச்சிதைவு விரைந்து நடக்கிறது. வைனில் எனப்படும் நெகிழித் தட்டு அதைவிட உறுதியானது, ஆனால் பூஞ்சணம் அதன் பள்ளங்களிலும் படரும். உள்நாட்டுப் போர்க்கால இடப்பெயர்வின்போது எடுத்துச் செல்லப்படாதவை, 2004 திசெம்பர் 26 ஆழிப்பேரலையில் போன வீடுகளோடு போனவை என்று வேறு இழப்புகளும் இம்மாவட்டத்துக்கு உண்டு. பரமேஷும் ஜேர்மனிக்குப் புலம்பெயர்ந்தார். அதே ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி திருகோணமலைக்கு வடக்கே கடலோரத்தில் அமைத்த அஞ்சல் நிலையம், 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்படும் வரை ஆசிய நாடுகளுக்கு ஒலிபரப்பியது. உலகத்தின் குரலை அஞ்சல் செய்ய இத்தனை கோபுரங்கள் எழுந்த ஊரில், அவ்வூரின் சொந்தக் குரலைக் காக்கும் ஒலிக்காப்பகம் எழாமை வருத்தத்துக்குரியது.

ஒரு தட்டின் உறையில் பெரும்பாலும் பாடகரின் பெயரே அச்சாகும். பேஸ் வாசித்தவர், மிருதங்கத்தையோ பொங்கோவையோ தட்டியவர், கூட்டுக்குரல் கொடுத்தவர் எவர் என்பது ஒலிப்பதிவு அறையில் இருந்தவர்களுக்கே தெரியும். நல்லதொரு மறுவெளியீட்டின் முதல் வேலை அப்பெயர்களைத் திரட்டுவதும், பாடலின் பேச்சுவழக்குச் சொற்களுக்குத் தமிழிலேயே குறிப்பு எழுதுவதுமாகும். 1970 அளவில் இருபது வயதினராய் இருந்த அக்கலைஞர்கள் இன்று எழுபதைக் கடந்து, சிலர் திருகோணமலையிலும் பலர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்ந்துகொண்டிருக்கும் நிலையில், அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வதற்கு இந்தச் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளன.