முன்னாலா, பின்னாலா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் என் லேத் பட்டறைக்குப் படகு வராது, படகுக்கான கிளாம்ப்தான் வரும். பழவேற்காட்டுக்காரர்கள் எடுத்தவுடன் கேட்பது, "மோட்டாரை எங்கண்ணே மாட்டுறது?"

பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் என்றால் என் ஓட்டு அணியத்துக்கு. முன்னாலிருந்து அது படகை இழுக்கும். காற்றடித்தாலும் மூக்கு சொன்ன பக்கம் நிற்கும். பின்னாலிருந்து தள்ளினால் மூக்கைக் காற்று திருப்பிவிடும், திருத்தித் திருத்தியே கை ஓய்ந்துபோகும். ஆனால் அலையில் முன்பக்கம்தான் அதிகம் எழும்பும். தண்டு குட்டையாக இருந்தால் விசிறி வெளியே வந்து வெறும் காற்றைக் கடையும். ஆள், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றி, மிதக்கவிட்டு அளவெடுங்கள். கரையில் கிடக்கும் படகை அளப்பது வெட்டி வேலை.

1934-ல் அமெரிக்காவின் ஃபார்கோவில் ஓ. ஜி. ஷ்மிட் இந்த பேட்டரி மோட்டாரை உருவாக்கியது, ஃபோர்டு காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்துத்தான். பட்டறைக்காரன் மூளை!

நீளத் தண்டின் நுனியில் விசிறி உள்ள லாங் டெயில் டீசல் இன்ஜின் கதை வேறு. அது பின்பக்கம்தான் இருக்க வேண்டும். பழவேற்காடு ஏரியில் ஆழம் குறைவு. மணல்மேடு தட்டினால் பிடியை அழுத்தி விசிறியைத் தூக்கிவிடலாம்.

ஈய பேட்டரி கனமானது, நடுவில் வையுங்கள். கிளாம்புக்கு வெறும் ஃபைபர் தாங்காது. உள்ளே பலகை கொடுத்து, அகல வாஷர் போட்டு, ஸ்டெயின்லெஸ் போல்ட்டை முறுக்குங்கள்.