மெய்நிகர் பயிற்சியில் தெரியாத மெத்தையின் பாரம்

உல்லாச விடுதியில் ஓர் அறையைத் துப்புரவாக்க எவ்வளவு நேரம் தேவை? இதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் ஒருநாளும் கட்டில் விரிப்பு மாற்றாதவர்.

இத்தகைய தலைமையக அலுவலர்களுக்காகவே 2018 ஆம் ஆண்டளவில் ஹில்டன் நிறுவனம் மெய்நிகர் பயிற்சியைக் கொண்டுவந்தது. ஒக்குலஸ் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு அறை துப்புரவாக்கவும், உணவுத் தட்டு ஒழுங்குபடுத்தவும், வரவேற்பு மேசையில் நிற்கவும் வேண்டும். நான்கு மணித்தியால வகுப்பு 20 நிமிடமாகச் சுருங்கியதாக நிறுவனம் கூறியது.

வேலையின் ஒழுங்கு கண்ணுக்கும் கைக்கும் பழகும், பாத்திரமும் உடையாது. ஆனால் ஈரத் துவாய்களின் கனமோ, மெத்தையைத் தூக்கும்போது முதுகில் பிடிக்கும் வலியோ அதில் வராது. நாளொன்றுக்கு இத்தனை அறை என்று கணக்குப் போடுவோருக்கு அதையும் காட்டலாம். கருவி தேவையில்லை, ஒரு முழுநாள் வேலைக்கு அனுப்பினால் போதும்.